'ஜிஞ்சர்' என்னும் ஆங்கிலச் சொல் 'இஞ்சிவேர்' என்பதிலிருந்து வந்ததா?

கேள்வி: மருதநிலா

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஆங்கிலத்தில் வழங்கும் தமிழ்ச் சொற்கள் என்று பேச்சு வரும்போதெல்லாம் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவற்றோடு இஞ்சியையும் சேர்த்துச் சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அண்மையில் வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு செய்தி இன்னும் ஒரு படி மேலே போய், ஜெர்மன் மொழியில் இஞ்சியின் பெயர் 'இங்வர்', அது நம்முடைய 'இஞ்சிவேர்' என்னும் சொல்லேதான், ஆங்கிலேயர்தான் அதைத் தேய்த்து 'ஜிஞ்சர்' என்று ஆக்கிவிட்டார்கள் என்று அடித்துச் சொல்கிறது.

ஆங்கில அகராதிகளைப் புரட்டினால் கதை வேறு மாதிரி இருக்கிறது. அவை பிரெஞ்சு, இலத்தீன், கிரேக்கம் என்று படிப்படியாகப் பின்னோக்கிச் சென்று, 'சிருங்கவேர' என்னும் வடசொல்லில் வந்து நிற்கின்றன. அதற்குக் 'கொம்பு போன்ற உடலை உடையது' என்று பொருளும் தருகின்றன. சில அகராதிகள் மட்டும் திராவிட மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு, கொம்பு விளக்கம் பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்டதாக இருக்கலாம் என்கின்றன.

இவற்றுள் எதை மாணவர்களிடம் சொல்வது? தமிழிலிருந்துதான் வந்தது என்றால், 'இஞ்சி' என்பதில் இல்லாத சகரம் வடமொழி வடிவத்தின் முதலில் எப்படி வந்தது? 'வேர்' என்பது 'ஜிஞ்சர்' என்ற சொல்லில் எங்கே போயிற்று? ஒலிமாற்றங்களை ஒவ்வொன்றாக விளக்கக்கூடியவர்கள் இருந்தால், நேரம் ஒதுக்கி எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி: கடலோடி

மருதநிலா அவர்களுக்கு வணக்கம். இத்தகைய சொல்லை இன்றைய வடிவத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கித் தேடிச் செல்வதே பாதுகாப்பானது. இரண்டு கோடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'ஒன்றுபோல இருக்கிறதே' என்று வியப்பதைவிட, ஒவ்வொரு படியிலும் எழுத்துச் சான்று இருக்கிறதா, அந்த ஒலிமாற்றம் அந்த மொழியின் வேறு சொற்களிலும் நடந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இறங்கலாம். நான் ஐரோப்பியப் பகுதியை மட்டும் எழுதுகிறேன். இந்தியப் பகுதியை என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பழைய ஆங்கிலத்திலேயே இச்சொல் இருந்தது. ஆங்கிலோ-சாக்சன் மருத்துவ ஏடுகளில் 'ஜிஞ்ஜிஃபெர்' என்று ஒரு வடிவம் வருகிறது. அதில் எழுதப்பட்டிருப்பது 'ஃப' என்றாலும், இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும்போது பழைய ஆங்கிலத்தில் அந்த எழுத்து வகரமாகவே ஒலித்தது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, அவர்களது பிரெஞ்சு மொழியின் 'ஜிஞ்ஜிவ்ர்' என்னும் வடிவமும் உடன் வந்து சேர்ந்தது. இரண்டும் கலந்த இடைக்கால ஆங்கிலத்தில் 'ஜிஞ்ஜிவெரெ' என்று ஆகி, பிறகு நடுவிலிருந்த வகரமும் இறுதி உயிரும் தேய்ந்து 'ஜிஞ்சர்' ஆயிற்று. நடுவில் நின்ற வகரம் ஆங்கிலத்தில் இவ்வாறு மறைவது வேறு சொற்களிலும் காணப்படுவதே. பருந்தினத்தைக் குறிக்கும் 'ஹாக்' பழைய ஆங்கிலத்தில் 'ஹாவொக்' என்று ஒலித்தது. தலையைக் குறிக்கும் 'ஹெட்' என்பது 'ஹெயாவொட்' என்று இருந்தது. பிரபுவைக் குறிக்கும் 'லார்டு' என்பதும் நடுவில் வகரம் கொண்ட 'ஹ்லாவொர்ட்' என்பதிலிருந்து சுருங்கியதே.

ஆகவே தங்கள் கேள்விகளுள் ஒன்றுக்கு இங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. 'ஜிஞ்சர்' என்பதன் இறுதியிலுள்ள 'அர்', செயல் செய்வோரைக் குறிக்கும் ஆங்கில விகுதி அன்று. மூலச்சொல்லின் 'வேர' என்னும் பகுதியில் வகரம் உதிர்ந்தபின் எஞ்சிய துணுக்கு அது.

பிரெஞ்சுக்கு முன்னால் இலத்தீன். அங்கே 'ஸிங்கிபெர்', 'ஜிங்கிபெர்' என்று இரண்டு விதமாகவும் எழுதினார்கள். பிற்கால இலத்தீனில் சொல்முதலில் அழுத்தி ஒலிக்கும் ஸகரமும் ஜகரமும் பேச்சில் நெருங்கிவிட்டதே இதற்குக் காரணம். மாணவர்களுக்குக் காட்டுவதற்கு ஓர் அருமையான இணை இருக்கிறது: ஆர்வத்தைக் குறிக்கும் 'ஸீல்' என்ற ஆங்கிலச் சொல்லும் பொறாமையைக் குறிக்கும் 'ஜெலஸ்' என்ற சொல்லும் ஒரே கிரேக்க-இலத்தீன் மூலத்திலிருந்து வந்தவை, முன்னது ஏட்டு வழியாக வந்ததால் பழைய ஒலியைக் காத்துக்கொண்டது, பின்னது பிரெஞ்சுக்காரர் வாய் வழியாக வந்ததால் ஜகரம் பெற்றது. இஞ்சியின் பெயரும் இரண்டு வழியிலும் ஆங்கிலத்துக்குள் வந்திருக்கிறது. கடைத்தெருவில் அது 'ஜிஞ்சர்'. தாவரவியலில் அது 'ஸிஞ்சிபெர் அஃபிசினாலே'. லிவர்பூலைச் சேர்ந்த வில்லியம் ரோஸ்கோ 1807-இல் இட்ட பெயர் இது.

இலத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் கி.பி. முதல் நூற்றாண்டில் சான்று கிடைக்கிறது. சின்ன ஆசியாவில் பிறந்த மருத்துவர் டயாஸ்கொரிடிஸ் 'ஸிங்கிபெரிஸ்' என்று எழுதுகிறார். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த உரோமானிய எழுத்தாளர் பிளினி, சிலர் இதை மிளகுக்கொடியின் வேர் என்று நினைப்பதை மறுத்துவிட்டு, அது அரேபியாவிலும் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலும் விளைகிறது என்கிறார். பொருள் எங்கிருந்து வருகிறது என்பதை இடைத்தரகர்கள் வெளியே சொல்லவில்லை போலும். உரோமாபுரியில் ஒரு பவுண்டு இஞ்சிக்கு 6 தினாரியம் (உரோமானிய வெள்ளிக் காசு) விலை என்று மட்டும் பிளினிக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கரிய மிளகுக்கு 4, வெண்மிளகுக்கு 7, திப்பிலிக்கு 15 என்று அவரே விலை கூறுவதால், இஞ்சி நடுத்தர விலையில் விற்ற பொருள் என்று கொள்ளலாம். அவ்வளவு தொலைவு வாடாமல் போகவேண்டியிருந்ததால், அங்கே விற்றது பெரும்பாலும் சுக்காகவே இருக்கும்.

இனி ஜெர்மன் 'இங்வர்' பற்றி. வாட்ஸ்அப் செய்தி வழுக்கும் இடம் இதுதான். பழைய ஜெர்மன் மொழியில் அந்தச் சொல் 'கிங்கிபெரோ' என்று முதலெழுத்தோடுதான் இருந்தது. இலத்தீனிலிருந்து வந்த அந்த வடிவம், இடைக்கால ஜெர்மனில் முதல் மெய்யை இழந்து 'இங்கெபெர்', 'இங்கெவெர்' என்று ஆகி, இன்று 'இங்வர்' என்று நிற்கிறது. சுவீடிய மொழியின் 'இங்கெஃபேரா', போலந்து, ரஷ்ய மொழிகளின் 'இம்பிர்' ஆகியனவும் இந்த ஜெர்மன் கிளையைச் சேர்ந்தவையே. பின்லாந்தினர் சொல்லும் 'இங்கிவேரி' சுவீடியத்திலிருந்து போனது. அதைக் கேட்டால் நம்மூர்க்காரர் துள்ளிக் குதித்துவிடுவார். இவையெல்லாம் 'இஞ்சிவேர்' போலக் காதில் விழுவது, இரண்டு வேறு நிலங்களில் இரண்டு வேறு காலங்களில் முதல் மெய் உதிர்ந்ததால் நேர்ந்த தற்செயல் ஒற்றுமை. 'ஜிஞ்சர்' ஒலியில் தொலைவாகத் தெரிந்தாலும், அதுவும் 'இங்வ'ரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

கடலோடி அவர்கள் விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். கிரேக்கர்கள் 'சிருங்கவேர' என்னும் சமஸ்கிருத வடிவத்தை நேரடியாகக் கேட்டு எழுதவில்லை என்பதை அவர்களது எழுத்துக்கூட்டலே காட்டிவிடுகிறது. அந்த வடிவத்திலுள்ள 'ரு' என்னும் ஒலிக்குக் கிரேக்கத்தில் சுவடே இல்லை. 'ஸிங்' என்றுதான் தொடங்குகிறது. ஆகவே அவர்கள் காதில் விழுந்தது பாகதம் (பிராகிருதம் எனப்படும் பண்டைய வடஇந்தியப் பேச்சுமொழி) சார்ந்த வடிவம். பாலி மொழியில் அது 'சிங்கிவேர' என்று வழங்கியது. கிரேக்கத்தில் வகரத்துக்கு எழுத்து இல்லாததால் 'வேர' என்பது 'பெரிஸ்' ஆயிற்று என்று கொண்டால் எல்லாம் பொருந்துகிறது.

பௌத்தத் துறவியரின் ஒழுக்க விதிகளைக் கூறும் பாலி விநயப் பிடகத்தில் துறவியர்க்கு அனுமதிக்கப்பட்ட மருந்துகளைச் சொல்லும் இடத்தில், வேர் மருந்துகள் என்று ஒரு வகுப்பு தனியே வருகிறது. மஞ்சளுக்கு அடுத்து 'சிங்கிவேரம்', அதற்கு அடுத்து வசம்பு, சற்றுத் தள்ளி அதிவிடயம் என்று நம் நாட்டு மருந்துக்கடைப் பெட்டிகளின் வரிசை போலவே அது செல்கிறது. இஞ்சி இங்கே வேர் மருந்துகளுள் வைத்து எண்ணப்படுவது கவனிக்கத்தக்கது. தாவரவியல்படி அது வேர் அன்று, மட்டநிலத் தண்டு. ஆனால் பண்டைய மருத்துவர்கள் மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுப்பதை எல்லாம் வேர் என்றே வகுத்தனர். அத்தகைய பொருளின் பெயர் 'வேர' என்று முடியும்போது, அதற்குத் திராவிட 'வேர்' என்னும் பொருள் இயல்பாகவே அமைகிறது.

'வேர' என்பதற்கு உடல் என்று வடமொழி அகராதிகள் பொருள் தருவது உண்மையே. ஆனால் அந்தப் பொருளில் அச்சொல் வழக்கில் பெரிதும் பயிலவில்லை. கொம்பு என்னும் பொருளுடைய 'சிருங்க' என்பது இஞ்சியின் கிளைத்த உருவத்துக்கு நன்றாகப் பொருந்துவதுதான் இங்கே சிக்கல். அளவுக்கு மீறிப் பொருந்தும் விளக்கங்களைச் சொல்லாய்வாளர்கள் ஐயத்துடனேயே பார்ப்பார்கள். வெளியிலிருந்து வந்த 'சிங்கி' என்னும் ஒலியைக் கேட்ட ஒருவர், பாகதத்தில் 'சிங்க' என்றால் சமஸ்கிருதத்தில் 'சிருங்க' என்று தாம் அறிந்த இணையை வைத்து, அதையும் 'திருத்தி' எழுதியிருப்பார் என்று கொள்வது எளிது. பாகதச் சொற்களைச் சமஸ்கிருத உருவில் புதுக்கி எழுதுவது அக்காலத்தில் அன்றாடம் நடந்த செயல்.

இனி, சகரத்தைப் பற்றிய கேள்வி. இதற்கு விடை தமிழுக்குள்ளேயே இருக்கிறது. நாம் 'சிறகு' என்றும் சொல்கிறோம், 'இறகு' என்றும் சொல்கிறோம். 'சிப்பி' என்கிறோம், பழைய இலக்கியம் 'இப்பி' என்கிறது. தென்திராவிட மொழிகளில் சொல்முதல் சகரம் மெல்ல மெல்ல உதிர்ந்துவந்தது என்பதற்கு இவை எஞ்சிய அடையாளங்கள். இன்னும் அழுத்தமான சான்று எண்ணுப்பெயர்களில் உள்ளது. நமது 'ஆறு' கோண்டி மொழியில் 'சாருங்' என்றும், 'ஐந்து' அங்கே 'சையுங்' என்றும் வழங்குகின்றன. நடு இந்தியாவில் வாழும் அம்மொழி, நாம் இழந்த சகரத்தை இன்னும் வைத்திருக்கிறது. ஆகவே 'இஞ்சி' என்பதற்கும் முற்காலத்தில் சகரத்தோடு கூடிய ஒரு வடிவம் இருந்திருக்கலாம் என்றும், வடபுலத்தார் அந்த நிலையில் கடன் வாங்கினார்கள் என்றும், பின்னர் தமிழில் மட்டும் அது உதிர்ந்தது என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் கடன் வாங்கிய மொழி பழைய உருவத்தைக் காத்துவைத்திருக்கிறது, கொடுத்த மொழி அதை மாற்றிக்கொண்டுவிட்டது என்றாகிறது. இப்படி நேர்வது சொல் வரலாற்றில் அரிதன்று.

மாணவர்களுக்குச் சுவைக்கக்கூடிய ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். குகன் வாழ்ந்த ஊராக இராமாயணம் கூறும் கங்கைக்கரை நகரின் பெயர் 'சிருங்கவேரபுரம்'. கம்பர் அதைச் 'சிருங்கிபேரம்' என்று பாடுகிறார். உத்தரப் பிரதேசத்தில் பிரயாக்ராஜுக்கு அருகில் இன்றும் அவ்வூர் 'சிங்ரௌர்' என்று வழங்குகிறது. ஊரார் சிருங்கி முனிவரோடு அப்பெயரைத் தொடர்புபடுத்தினாலும், சொல் இஞ்சியைக் குறிக்கும் அதே சொல்தான். கம்பர் வாயில் வகரம் பகரமாகியிருப்பது கிரேக்கர் செய்ததையே நினைவூட்டுகிறது.

சங்க இலக்கியத்தில் இஞ்சி உண்டா என்று யாரேனும் கேட்டால், மதுரைக்காஞ்சியில் குறிஞ்சி நிலத்து விளைபொருள்களைச் சொல்லும்போது 'இஞ்சி மஞ்சள் பைங்கறி' என்று மூன்றையும் அடுத்தடுத்து வைத்திருப்பதைக் காட்டலாம். மற்றப்படி சங்கப் பாடல்களில் 'இஞ்சி' என்று தேடுவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், ஏனெனில் கோட்டை மதிலுக்கும் அதே பெயர் உண்டு. 'உயர்ந்த இஞ்சி' என்று கண்டதும் மருத்துவக் குறிப்பு எழுதிவிடக் கூடாது.

மறுமொழி: தோட்டக்காரன்

மேலே இருவரும் எழுதியவற்றை மறுப்பதற்கில்லை. ஆயினும் 'தமிழ்ச் சொல்' என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இரண்டு தடைகளை எடுத்துவைக்க விரும்புகிறேன்.

முதலாவது, சொல்லின் பரப்பு. 'வேர்' என்பது திராவிட மொழிகள் பலவற்றிலும் பரவிக் கிடக்கும் சொல். 'இஞ்சி' அப்படி அன்று. தமிழும் மலையாளமும் அதைச் சொல்கின்றன. தெலுங்கர் 'அல்லம்' என்கிறார்கள். கன்னடர் 'அல்ல' என்றும், வடசொல்லான 'சுண்டி'யின் வழியாக 'சுண்டி' என்றும் சொல்கிறார்கள். திராவிட மொழிகளுக்கெல்லாம் தாயான மூலத் திராவிடம் வரை ஒரு சொல்லைக் கொண்டுசெல்ல வேண்டுமானால் இனமொழிகள் பலவற்றில் அது இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. மேலும், பாலியில் 'ங்க' இருக்க, தமிழில் 'ஞ்ச' இருப்பதற்கும் காரணம் சொல்ல வேண்டும். கன்னடத்தின் 'கிவி' தமிழில் 'செவி' ஆவதையும் 'கெய்' என்பது 'செய்' ஆவதையும் காட்டி, இகர எகரங்களை ஒட்டிய ககரம் தமிழில் சகரமாகும் என்று சிலர் விளக்குவார்கள். ஆனால் அவை சொல்முதலில் நிகழ்பவை. சொல்லின் நடுவில் அதே விதியை நீட்டுவதற்கு வேறு எடுத்துக்காட்டுகள் தேவைப்படும். (சிங்களத்தின் 'இங்குரு'வை உதவிக்கு அழைக்க முடியாது, அம்மொழியும் சகரத்தைத் தேய்க்கும் பழக்கமுடையது, 'ங்க' இருப்பதால் அது பாலியின் பக்கமே நிற்கிறது.)

இரண்டாவது, செடியின் வரலாறு. இஞ்சி இன்று எங்கும் காட்டுச்செடியாகக் காணப்படுவதில்லை. மனிதர் கிழங்கை உடைத்து நட்டால்தான் உண்டு. விதை பிடிப்பது மிக அரிது என்பதால், அது தானாகப் பரவிய செடி அன்று, கையிலிருந்து கைக்கு மாறிய செடி. தென்கிழக்கு ஆசியாவிலேயே அது முதலில் பயிரிடப்பட்டது என்பது பரவலான கருத்து. அப்பக்கத்துப் பெயர்களைக் கேளுங்கள்: தாய்லாந்தில் 'கிங்', பர்மாவில் 'ஜின்', சீனத்தில் 'ஜியாங்'. உணவில் இஞ்சி இல்லாமல் கன்பூசியஸ் இருக்கமாட்டார் என்று அவருடைய சீடர்கள் தொகுத்த உரையாடல்கள் கூறுகின்றன. செடி கிழக்கிலிருந்து வந்தபோது பெயரும் கூடவே வந்து, தமிழ்-மலையாளப் பகுதியில் 'வேர்' என்னும் உள்ளூர்ச் சொல்லைச் சேர்த்துக்கொண்டு, பிறகு வடக்கேயும் மேற்கேயும் போயிருந்தால், முதற்பகுதி நமக்கும் கடன். பிற்பகுதி மட்டுமே நம் உரிமை. இந்த வாய்ப்பை ஆய்வாளர்கள் சிலர் நெடுங்காலமாகவே எடுத்துப் பேசிவருகிறார்கள்.

1952-இல் ஆலன் ராஸ் என்னும் ஆங்கிலேய மொழியறிஞர் இந்த ஒரே சொல்லை ஆராய்ந்து ஒரு தனிநூலே எழுதினார். (ஆங்கில மேட்டுக்குடியினர் எந்தச் சொல்லைப் பேசுவர், எதைப் பேசமாட்டார் என்று வகைப்படுத்திப் பரபரப்பூட்டியவரும் அவரே.) இஞ்சிக்காக ஒருவர் ஒரு நூல் அளவுக்கு மொழிகளைக் கிளற வேண்டியிருந்தது என்றால், இரண்டு வரி வாட்ஸ்அப் செய்தியில் அது அடங்காது என்பது தெளிவு. அரிசியிலிருந்து கிரேக்க 'ஒரிஸா'வும் அதிலிருந்து ஆங்கில 'ரைஸ்'ஸும் வந்தன என்ற கூற்றுக்கும் இதே கவனம் தேவை. பழைய ஈரானிய மொழி வழியே அச்சொல் கிரேக்கத்துக்குச் சென்றது என்பதற்கே வலுவான காரணங்கள் இருக்கின்றன, பஷ்தூ மொழியின் 'வ்ரிஜே' அதற்கு ஒரு சான்று. 'இஞ்சி'யின் நிலை அதைவிடப் பல மடங்கு உறுதியானது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

மருதநிலா

மூவருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. தோட்டக்காரன் அவர்கள் எழுப்பிய தடைகளையும் மாணவர்கள் முன் அப்படியே வைப்பேன்.

இன்னும் இரண்டு சிறிய ஐயங்கள் இருக்கின்றன. அரபு மொழியில் இஞ்சியை 'ஸஞ்சபீல்' என்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரின் பெயர் அதிலிருந்து வந்தது என்று ஒரு மாணவர் எங்கோ படித்ததாகச் சொன்னார். அடுத்தது, ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்பிரெட்' என்று ஒரு தின்பண்டம் இருக்கிறது, மிக மெதுவாக, பதமாகச் செய்வதை 'ஜிஞ்சர்லி' என்கிறார்கள். காரமான இஞ்சிக்கும் மென்மைக்கும் என்ன தொடர்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மறுமொழி: கடலோடி

சான்சிபாருக்கும் இஞ்சிக்கும் தொடர்பில்லை. அது கருநிற மக்களைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான 'ஸங்' என்பதோடு, கரையைக் குறிக்கும் 'பார்' என்பது சேர்ந்த ஊர்ப்பெயர். 'ஸஞ்சபீல்' என்பதோடு ஒலியொற்றுமை மட்டுமே உண்டு.

'ஸஞ்சபீல்' என்னும் அரபுச் சொல் நம் சொல்லின் இன்னொரு கிளையைச் சேர்ந்தது. அது பாரசீகம், அரமேயம் ஆகிய மொழிகளின் வழியாக அரபுக்குப் போனது. போகும் வழியில் இறுதி ரகரம் லகரமாகிவிட்டது. திருக்குர்ஆனின் 76-ஆம் அத்தியாயத்தில், சொர்க்கத்தில் அருந்தத் தரப்படும் பானத்தில் இஞ்சி கலந்திருக்கும் என்ற இடத்தில் இச்சொல் வருகிறது. நம் இசுலாமிய மாணவர்களுக்கு அச்சொல் ஓதி ஓதிப் பழகியதாகவே இருக்கும் என்பதால், வகுப்பில் இதிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

இடைக்கால ஐரோப்பியச் சந்தையில் இஞ்சியின் பெயரோடு ஊர்ப்பெயரும் ஒட்டிக்கொண்டது. 14-ஆம் நூற்றாண்டில் பிளாரன்ஸ் நகரத்து வணிகரான பெகலோட்டி தொகுத்த வணிகக் கையேடு இஞ்சியை 'பெல்லெதி', 'கொலம்பினோ', 'மெக்கீனோ' என்று வகைப்படுத்துகிறது. முதலாவது உள்நாட்டுச் சரக்கு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது, மூன்றாவது மக்கா வழியாக வந்த சரக்கு, நடுவிலுள்ளது கேரளக் கரையின் கொல்லம். பிளினிக்குத் தெரியாத துறைமுகத்தின் பெயர், பதின்மூன்று நூற்றாண்டுகள் கழித்து இத்தாலியக் கணக்கேட்டில் ஏறிவிட்டது.

மறுமொழி: அடுமனை

தின்பண்டம் பற்றிய கேள்வி என்பதால் நான் விடையளிக்கிறேன்.

'ஜிஞ்சர்பிரெட்' என்பதில் முதலில் 'பிரெட்' என்பதே கிடையாது. பழைய பிரெஞ்சில் சர்க்கரையிலோ தேனிலோ ஊறவைத்துப் பதப்படுத்திய இஞ்சியை 'ஜிஞ்ஜெப்ராஸ்' என்றார்கள். ஏறத்தாழ நம் இஞ்சி முரப்பாவைப் போன்ற ஒன்று என்று கருதலாம். 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த அச்சொல்லின் இறுதி 'பிராஸ்' என்பதற்கு ஆங்கிலேயர் வாயில் பொருள் ஏதும் இல்லாமல் இருந்ததால், தங்களுக்குத் தெரிந்த ரொட்டியின் பெயராக அதை மாற்றிக்கொண்டார்கள். பெயரில் ரொட்டி வந்துவிட்டபின் பண்டமும் மெல்ல மெல்ல மாறி, ரொட்டித்தூளும் தேனும் சேர்ந்த அப்பமாகி, இன்றைய மாவுப் பண்டமாக ஆயிற்று. ஏட்டுச்சுவடி அவர்கள் கூறிய 'சிருங்க' கதையை இதனோடு சேர்த்துப் படித்தால் நன்றாக இருக்கும்: கிழக்குக் கோடியில் விளங்காத முற்பகுதியைக் கொம்பாக்கினார்கள், மேற்குக் கோடியில் விளங்காத பிற்பகுதியை ரொட்டியாக்கினார்கள். வேறுபாடு என்னவென்றால், மேற்கில் நடந்ததற்கு ஒவ்வொரு நூற்றாண்டிலும் எழுத்துச் சான்று கிடைக்கிறது. அதனால் கிழக்கில் நடந்ததையும் நம்புவது எளிதாகிறது.

'ஜிஞ்சர்லி' வேறு குடும்பம். நயமான, நற்குடிப் பிறந்த என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்தது என்பதே பெரும்பான்மையோர் கருத்து. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நடனத்தில் எடுத்துவைக்கும் ஒயிலான அடியைக் குறித்து வழங்கியது. அங்கிருந்து பார்த்துப் பார்த்து அடி வைப்பது, பதமாகக் கையாள்வது என்று பொருள் நகர்ந்தது. எழுத்துக்கூட்டலை இஞ்சி இழுத்துக்கொண்டதே தவிர, காரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

மருதநிலா அவர்கள் வகுப்பில் எப்படிச் சொல்லலாம் என்பதற்கு என் பரிந்துரை இது. 'கட்டுமரம்', 'சுருட்டு' ஆகியவற்றோடு இஞ்சியை ஒரே வரிசையில் வைக்காதீர்கள். அவை அண்மைக்காலத்தில், ஐரோப்பியர் நம் கடற்கரைக்கு வந்தபின், தமிழிலிருந்து அவர்கள் செவிவழியே போனவை. 'இஞ்சி' அவற்றுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. ஆங்கிலேயர் அதைத் தமிழரிடம் கேட்கவில்லை, பிரெஞ்சுக்காரரிடமும் இலத்தீன் மருத்துவ ஏடுகளிடமும் கேட்டார்கள். 'ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்தும் இலத்தீனிலிருந்தும் பெற்றது, அவை கிரேக்கத்திலிருந்து பெற்றன, கிரேக்கம் பாகதத்திலிருந்து பெற்றது, பாகதம் பெரும்பாலும் தென்னிந்தியத் திராவிட மொழியொன்றிலிருந்து பெற்றது' என்று முழுச் சங்கிலியையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, கடைசிக் கண்ணியின் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி இட்டுவிடுங்கள். பர்ரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்டு 1984-இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி பள்ளி நூலகத்தில் இருந்தால், 'இஞ்சி', 'வேர்' ஆகிய இரண்டு பதிவுகளையும் மாணவர்களே எடுத்துப் பார்த்து, எத்தனை மொழிகள் எதன்கீழ் வருகின்றன என்று எண்ணட்டும். தோட்டக்காரன் சொன்ன தடை என்னவென்று அப்போது அவர்களுக்குத் தாமாகவே புரியும்.